'நன்றி: இணையம்' என்ற இரண்டு சொற்களைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் கடந்த ஞாயிறு இணைப்பில், ஹிப் ஹாப் கலையின் தோற்றத்தைப் பற்றி வெளிவந்த இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். இசைத்தட்டுகளைக் கையால் நிறுத்தியும் சுழற்றியும் புதிய தாளத்தை உண்டாக்கிய இளைஞர்களைத் தமிழ் வாசகருக்குப் பொறுமையாகவும் மரியாதையாகவும் அறிமுகம் செய்திருந்த கட்டுரையாளருக்கு என் பாராட்டுகள். இக்கடிதம் அந்தக் கட்டுரையைப் பற்றியதன்று. அதனோடு அச்சிடப்பட்டிருந்த ஐந்து படங்களைப் பற்றியது. ஐந்தில் ஒன்றின் கீழும் அதை எடுத்தவரின் பெயர் இல்லை. பக்கத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில், 'படங்கள், நன்றி: இணையம்' என்று மட்டும் இருந்தது.

பக்கத்தின் பாதியை நிறைத்திருந்த படத்தில் ஓர் இளைஞன், நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டு ரயில்களுக்கு இடையே, ஒரு காலை ஒரு பெட்டியிலும் மறு காலை எதிர்ப் பெட்டியிலும் ஊன்றி, கையில் ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவோடு நிற்கிறான். அதன் கீழே '1973: பிராங்ஸ் நகரில் ஹிப் ஹாப் பிறந்தபோது' என்று எழுதியிருந்தீர்கள். அது 1973 அன்று, 1980. இடம் பிராங்ஸ் அன்று; புரூக்ளினில் உள்ள நியூ லாட்ஸ் ரயில் பணிமனை. பிராங்ஸ் தனி நகரமும் அன்று, நியூயார்க் மாநகரின் ஐந்து பெரும் பிரிவுகளில் ஒன்று. அந்த இளைஞனுக்குப் பெயர் உண்டு: டொனால்ட் ஒயிட். ரயில்களிலும் சுவர்களிலும் தம் பெயரை வண்ண ஓவியமாக எழுதும் கிராஃபிட்டிக்காரர்களிடையே டோண்டி. அன்றிரவு அவரோடு கூடவே பணிமனைக்குள் சென்று அதைப் படமெடுத்தவருக்கும் பெயர் உண்டு: மார்த்தா கூப்பர். ஒரே வரியில் இத்தனையும் தவறிப்போனதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. எடுத்தவரின் பெயரைத் தேடியிருந்தால் ஆண்டும் இடமும் தாமாகவே கிடைத்திருக்கும் என்பதே என் எண்ணம்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மதுரையில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தி, பிலிம் கழுவி, பிரிண்ட் போட்டு வாழ்ந்தவன் நான். நடனம் பழகிய என் மகன் ஒருநாள் கொண்டுவந்து காட்டிய படங்கள் வழியாகத்தான் இந்தக் கலை எனக்கு அறிமுகமாயிற்று. அவன் ஆடுபவர்களின் கால்களைப் பார்த்தான். படமெடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று நான் பார்த்தேன். அன்றிலிருந்து இந்தப் படங்களைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

1973 ஆகஸ்ட் 11 அன்று, பிராங்ஸின் செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், சிண்டி கேம்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குமுன் புதுத்துணிக்குப் பணம் சேர்க்க ஒரு விருந்து வைத்தார். அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது கூல் ஹெர்க், இசைத்தட்டுகளைச் சுழற்றினார். சிறிய அட்டையில் கையால் எழுதிய அழைப்பில், பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம் குறிக்கப்பட்டிருந்தது. தங்கள் கட்டுரையும் இதைச் சரியாகவே சொன்னது. ஆனால் அந்தக் காலத்தின் முகமாக இன்று உலகெங்கும் அச்சிடப்படும் படங்கள் ஏறத்தாழ எல்லாமே அந்த விருந்துக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்டவை. இடைப்பட்ட ஆண்டுகள் கையால் வரைந்த துண்டறிக்கைகளிலும், கைமாறிக் கைமாறித் தேய்ந்த ஒலிநாடாக்களிலும், அங்கே இருந்தவர்களின் நினைவிலும்தான் பெரும்பாலும் வாழ்கின்றன. ஏழைப் பிள்ளைகளின் விருந்துக்குக் கேமரா வராமற்போனது அந்த வரலாற்றின் ஒரு பகுதி. பிற்காலப் படத்தை எடுத்து முற்காலத்தில் ஒட்டும்போது அந்த வெறுமை வாசகரின் கண்ணிலிருந்து மறைக்கப்படுகிறது. எனக்கு அது சிறு பிழையாகத் தோன்றவில்லை.

கேமராக்கள் தெற்கு பிராங்ஸுக்கு வரவே இல்லை என்பதும் உண்மையன்று. வந்தன, ஆனால் வேறொன்றைத் தேடி வந்தன. குறுக்கு பிராங்ஸ் விரைவுச்சாலைக்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, எழுபதுகளில் தெருத்தெருவாகக் கட்டடங்கள் எரிந்து, 1977 அக்டோபரில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் ஷார்லட் தெருவின் இடிபாடுகளுக்கு நடுவே வந்து நின்றபோது, செய்திப் படக்காரர்கள் கூடவே வந்து நின்றார்கள். அவர்கள் எடுத்த படங்களில் செங்கல் குவியலும் கண்ணாடியற்ற ஜன்னல்களும் உண்டு. அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் இரவு எட்டு மணிக்கு யார் ஆடினார்கள் என்பது அவற்றில் இல்லை.

அதை எடுத்தவர்களுள் ஒருவர் அதே பகுதியின் பள்ளி மாணவர். தங்கள் பக்கத்தின் வலது மூலையில் இருந்த கறுப்பு வெள்ளை மேடைப் படம் ஜோ கான்ஸோ எடுத்தது. 1963-இல் பிறந்த அவர் தெற்கு பிராங்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, 1978 வாக்கில், கோல்டு க்ரஷ் பிரதர்ஸ் என்ற ராப் பாட்டுக் குழுவினரோடு நட்பாகி, அவர்கள் போகும் இடமெல்லாம் கேமராவோடு போனார். அவருடைய பாட்டி எவலினா அந்தோனெட்டி, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர். 1965-இல் யுனைடெட் பிராங்ஸ் பேரன்ட்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, பள்ளிகளில் தம் மக்களின் பிள்ளைகளுக்கு நியாயம் கேட்டுப் போராடியவர். பேரன் அந்தப் போராட்டங்களையும் படமெடுத்தார், நண்பர்களின் பாட்டையும் படமெடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான், அந்த மேடைப் படங்களில் உள்ள நிமிர்வு எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

தொழில்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கான்ஸோவின் மேடைப் படங்களில் நேரடி ஃபிளாஷ் வெளிச்சம் முகத்தில் பளீரென்று விழுகிறது, பின்னணி கருத்துப் போகிறது. கற்றுத் தேர்ந்த படக்காரர் இதைக் குறை என்பார். ஆயினும், இருண்ட கூடத்தில் முப்பத்தாறு படம் கொண்ட ஒரு ரோலைக் கணக்குப் பார்த்துச் செலவிட்டு, கழுவிப் பார்க்கும்வரை படம் விழுந்ததா என்றுகூடத் தெரியாத ஒரு பதினாறு வயதுப் பையன், நண்பர்களின் கையெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறான் என்பதை அந்த வெளிச்சமே சொல்லிவிடுகிறது. யாரும் கேமராவைக் கண்டு விறைத்துக்கொள்ளவில்லை. அவன் யாரோ அல்லன் என்பதால்தான் அப்படி. பெட்டிக்குள் நெடுங்காலம் கிடந்த அந்தப் படங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தன. அவருடைய ஆயிரக்கணக்கான நெகடிவ்களை இன்று கார்னெல் பல்கலைக்கழகம் தன் ஹிப் ஹாப் சேகரிப்பில் பாதுகாத்து வருகிறது. நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஆம்புலன்ஸ் பணியாளராகப் பல ஆண்டுகள் உழைத்த அந்த மனிதரின் பெயரைத்தான் தங்கள் பக்கம் 'இணையம்' என்று எழுதியது.

மார்த்தா கூப்பர் வெளியிலிருந்து வந்தவர், அதனால் அவருடைய பாதை வேறு. 1943-இல் பால்டிமோரில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் படித்த அவர், 1977 முதல் நியூயார்க் போஸ்ட் நாளிதழில் படக்காரராக இருந்தார். அன்றாட வேலை முடிந்து திரும்பும் வழியில், மீதமிருக்கும் பிலிமை மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் தெருவில் விளையாடும் பிள்ளைகளைப் படமெடுத்துத் தீர்ப்பது அவர் வழக்கம். குப்பையில் கிடைத்ததைக் கொண்டு அப்பிள்ளைகள் செய்த வண்டிகளையும் புறாக்கூண்டுகளையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தபோது, புறா வளர்த்த சிறுவன் ஒருவன் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, சுவரில் எழுதவிருக்கும் தன் பெயரின் வரைவைக் காட்டினான். எழுத்துகளுக்குள் இத்தனை திட்டமும் பயிற்சியும் இருப்பதை அவர் அறிந்தது அப்போதுதான். அந்தச் சிறுவன்தான் அவரை டோண்டியிடம் அழைத்துப் போனான். வியப்பு என்னவென்றால், டோண்டியின் நோட்டில் கூப்பரின் படம் ஒன்று செய்தித்தாளிலிருந்து வெட்டி ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது. அதன் பின்னணியில் டோண்டியின் எழுத்து தெரிந்தது என்பதே காரணம். அந்தப் படத்தின் கீழ் அச்சிட்டிருந்த பெயரால் டோண்டிக்குக் கூப்பரை முன்பே தெரியும். ஆசிரியர் அவர்களே, செய்தித்தாளில் படத்தின் கீழ் இடும் ஒரு பெயர் எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

1980 ஜனவரியில் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியின் சுரங்க ரயில் நிலையத்தில் கலவரம் என்று கேட்டு நாளிதழ் அவரை அனுப்பியது. போனால், பிடித்து வைக்கப்பட்டிருந்த பிள்ளைகள், தாங்கள் சண்டையிடவில்லை, ஆடிக்கொண்டிருந்தோம் என்றார்கள். போலீஸார் ஆடிக்காட்டச் சொன்னதும் ஆடியும் காட்டினார்கள். கலவரம் இல்லாததால் நாளிதழுக்கு அந்தப் படங்கள் தேவைப்படவில்லை. தலைகீழாகச் சுழலும் அந்த நடனம் நாளிதழ் ஆசிரியர் பிரிவுக்குச் செய்தியாகத் தெரியவில்லை, படமெடுத்தவருக்குத் தெரிந்தது. நடன விமர்சகர் சாலி பேன்ஸோடு சேர்ந்து அந்த ஆட்டக்காரர்களைத் தேடி அலைந்து, ஓராண்டுக்குமேல் கழித்து, 1981 ஏப்ரலில் வில்லேஜ் வாய்ஸ் இதழில் ராக் ஸ்டெடி நடனக் குழுவைப் பற்றிய கட்டுரையும் படங்களும் வரச் செய்தார். தங்கள் பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த சிறுவனின் படம் இந்தத் தேடலின் விளைவு. இதற்கிடையே, ரயில்களைப் படமெடுப்பதற்காகவே அவர் நாளிதழ் வேலையையும் விட்டிருந்தார். காலையில் எந்த வழித்தடத்தில் எந்த ரயில் வரக்கூடும் என்று, அவற்றில் ஓவியம் எழுதியவர்களே தகவல் சொல்ல, பிராங்ஸில் வெயில் சரியான பக்கம் விழும் வெற்று மனைகளில் மணிக்கணக்காகக் காத்திருந்து எடுத்த படங்கள் அவை.

ஹென்றி சால்ஃபன்ட் அதே ரயில்களை வேறு விதமாக அணுகினார். அவர் சிற்பி. சூழலைவிட, அந்தப் பெட்டி முழுவதும் ஓர் ஓவியமாக எப்படி இருந்தது என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. எதிர் நடைமேடையில் காத்திருந்து, ரயில் வந்து நின்று கதவு மூடிப் புறப்படுவதற்குள், பெட்டியின் நீளத்துக்கு நடந்தபடியே ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியுமாறு பல படங்களை எடுப்பார். பிறகு பிரிண்டுகளை வெட்டி ஒட்டி ஒரு முழுப் பெட்டியாக்குவார். கோணல் இல்லாமல், எழுத்து நசுங்காமல், முழுப் பெட்டியும் நேராகத் தெரிவதன் ரகசியம் அந்த நடையும் அந்த ஒட்டும்தான். தங்கள் பக்கத்தில் வந்த ரயில் பெட்டியின் படம் அவர் அப்படிச் செய்தது; வடிவமைப்பில் அந்தப் பெட்டியின் இரண்டு முனைகளும் வெட்டப்பட்டிருந்தன. ஒரு பெட்டி முழுவதையும் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட படத்தின் முனைகளை வெட்டுவது, நான்கடிச் செய்யுளின் முதலடியையும் கடைசி அடியையும் விட்டுவிட்டு அச்சிடுவதற்கு ஒப்பாகும். போக்குவரத்து நிர்வாகம் ரசாயனம் கொண்டு கழுவியதில் பல ஓவியங்கள் சில நாள்களே நிலைத்தன. 1989 மே மாதத்தோடு எழுத்துள்ள ரயில்கள் முற்றாக நிறுத்தப்பட்டன. ஆகவே இன்று அவ்வோவியங்களின் மூலப்பிரதி என்று ஒன்று இருக்குமானால், அது சால்ஃபன்ட்டும் கூப்பரும் எடுத்த பிலிம்தான். நியூயார்க்கின் பதிப்பாளர்கள் மறுத்த பிறகு, லண்டனின் தேம்ஸ் அண்ட் ஹட்சன் 1984-இல் வெளியிட்ட அவர்களுடைய கூட்டு நூல் வழியாகத்தான் ஐரோப்பாவின் இளைஞர்கள் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பழகினார்கள்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். ரயில் எழுத்து, நடனம், பாட்டு, இசைத்தட்டு ஆகிய நான்கும் ஒரே மரத்தின் கிளைகள் என்று தங்கள் கட்டுரை எழுதியது. ரயிலில் எழுதியவர்கள் எல்லாரும் அதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. பெயர் எழுதும் பழக்கம் 1973-க்கு முன்பே நியூயார்க்கில் பரவியிருந்தது. அந்த இரவில் டோண்டி எழுதிய ஓவியத்தின் தலைப்பே ஒரு பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. நான்கையும் ஒரே குடும்பமாக உலகம் காணத் தொடங்கியதில் இந்தப் படங்களுக்கும், அக்காலத்தில் எடுக்கப்பட்ட திரைப்படங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. படக்காரர் நடந்ததைப் பதிவு செய்ததோடு நிற்கவில்லை. எதை எதற்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவரைப் பெயரின்றி விட்டால், அந்தப் பார்வை யாருடையது என்று கேட்கும் வாய்ப்பையே வாசகர் இழக்கிறார்.

ஐந்தாவது படம் புரூக்ளின் இளைஞர்களுடையது. ஒரே மாதிரித் தொப்பியும் பளிச்சென்ற காலணியும் அணிந்து, கைகட்டி, நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். 'அக்கால வீதி ரவுடிகள்' என்று அதற்குக் குறிப்பு எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு குறிப்புக்காகவே நான் பேனாவை எடுத்தேன் என்றும் சொல்லலாம். படத்தை எடுத்தவர் ஜமெல் ஷபாஸ். 1960-இல் புரூக்ளினில் பிறந்து, அமெரிக்க ராணுவத்தில் ஜெர்மனியில் பணியாற்றிவிட்டு 1980-இல் ஊர் திரும்பியவர். பின்னர் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகச் சுமார் 20 ஆண்டுகள் வேலை பார்த்தவர். தெருவில் காணும் இளைஞர்களிடம் முதலில் பேச்சுக் கொடுத்து, தாம் எடுத்த பிற படங்களைக் காட்டி, அவர்கள் சம்மதித்து, தாங்கள் எப்படித் தெரிய விரும்பினார்களோ அப்படி நின்ற பிறகே படமெடுத்தார். சிறைக்குள் ஓர் இளைஞனை என்னவாக மாற்றிவிடுகிறார்கள் என்பதை நாள்தோறும் கண்டவர், சிறைக்கு வெளியே அவர்களுடைய கம்பீரத்தைத் தேடித் தேடி எடுத்தார். அவர் படமெடுத்தவர்களில் பலர் பின்னர் போதைப்பொருளுக்கும் துப்பாக்கிக்கும் எய்ட்ஸ் நோய்க்கும் பலியாயினர். படக்காரர் அவர்களுக்குத் தந்த மரியாதையை, அவர் பெயரை நீக்கிவிட்டு, ஒரே சொல்லால் பறித்துவிட்டோம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். கூப்பரும் சால்ஃபன்ட்டும் வெள்ளையர்கள், வெளியார். கறுப்பின, போர்ட்டோ ரிக்கப் பிள்ளைகளின் படைப்பைப் படமெடுத்துப் புகழ் பெற்றவர்கள். அவர்களுடைய பெயரை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை, எடுத்தவர் பெயரையும் மறைப்பதாக இருக்க முடியாது. எழுதியவர், ஆடியவர், பாடியவர் பெயரையும் சேர்த்து அச்சிடுவதே. அந்தப் பகுதியின் பிள்ளைகளே எடுத்த படங்களைத் தேடி எடுத்து முன்வைப்பதும் அதில் அடங்கும். கான்ஸோவும் ரிக்கி ஃபுளோரஸும் இன்னும் நால்வருமாகத் தெற்கு பிராங்ஸின் ஆறு போர்ட்டோ ரிக்கப் படக்காரர்கள் சேர்ந்து, 2013-இல் பிராங்ஸ் டாக்குமென்டரி மையத்தில் தங்கள் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். வெளியூர்க் கேமராக்கள் இடிபாடாக மட்டும் கண்ட அதே தெருக்களில், அவர்களுடைய படங்களில் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு நனையும் குழந்தைகளும், படிக்கட்டில் உட்கார்ந்து பேசும் அயலாரும் இருக்கிறார்கள்.

சட்டத்தைச் சொல்லித் தங்களை மிரட்டுவது என் நோக்கமன்று. இருப்பினும், நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பின் பதிப்புரிமையைப் பிறருக்கு விற்றுவிட்ட பிறகும், அது தம்முடையது என்று உரிமை கொண்டாடும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது. இதைச் செய்தியறைகள் நினைவில் கொள்வது நல்லது. எனக்கும் இதில் சொந்த வலி ஒன்று உண்டு. மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்துத் தெப்பத் திருவிழாவை ஒருமுறை, ஒரு வீட்டு மொட்டைமாடியில் இடம் கேட்டு, பிற்பகல் முதல் காத்திருந்து எடுத்தேன். வார இதழ் ஒன்று அதைப் பெயரின்றி வெளியிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு என் கடைக்கே வந்து, "தம்பி, இது நீங்க எடுத்ததுதானே, பேரைக் காணோமே?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் ஒன்றுமில்லை.

தங்கள் பக்கத்தில் வந்த ஐந்தும் எடுத்தவர் தெரியாத படங்கள் அல்ல. நூல்களிலும் காட்சியகங்களிலும் பல்கலைக்கழகச் சேகரிப்பிலும் பெயரோடும் ஆண்டோடும் இருப்பவை. அவற்றை எடுத்த நால்வரின் பெயரையும் கண்டறிய அரைமணி நேரம் போதும். தங்கள் நாளிதழ் அரசியல் செய்தியில் ஓர் எழுத்துப் பிழையைக்கூட மறுநாள் திருத்தி வெளியிடும் பழக்கம் உள்ளது என்பதால் உரிமையோடு கேட்கிறேன். 'ரவுடிகள்' என்ற சொல்லைத் திரும்பப் பெற்று, நால்வரின் பெயர்களையும் வரும் ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன். இடம் போதாதென்றால், பெரிய படத்துக்கு மட்டுமாவது இந்த ஒரு வரியை அச்சிடுங்கள்:

டோண்டி, நியூ லாட்ஸ் ரயில் பணிமனை, புரூக்ளின், 1980. படம்: மார்த்தா கூப்பர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டுடியோ ஒளிப்படக்காரர் ஒருவர்,
மதுரை.